கதவு வைக்காத வீடு

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது கொழிஞ்சாம்பாறையில், ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில். ஆண்டு எழுபத்தெட்டு. கல்யாண வீட்டில் கூட்டம் தாங்கவில்லை என்று என்னைப் பக்கத்து வீட்டில் தங்க வைத்தார்கள். அங்கே பீரோவின் மேல் ஒரு குட்டி வீடு இருந்தது. டீத்தூள் அடைத்து வருகிற பலகைப் பெட்டியில் செய்தது. உள்ளே தீப்பெட்டிக் கட்டில், அம்மி, சுவரில் படமாக மாட்டிய தபால்தலை, நடுக்கூடத்தில் ஒரு டார்ச் பல்பு. எல்லாம் விரல் அளவு. வாசலில் கதவு மட்டும் இல்லை. வெளிப்பக்கம் ஈர்க்குச்சிகளை நூலால் கட்டி ஏதோ செய்திருந்தார்கள். யாரோ குழந்தை விளையாடிவிட்டுப் பாதியில் போட்டதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"கதவைக் காணோமே?" என்று அந்த வீட்டம்மாளிடம் கேட்டேன். பேச்சுக்குத்தான் கேட்டேன்.

"அது சித்திரபுரத்துல இருக்குதுங்க," என்றார். சொல்லிவிட்டுக் காப்பி போடப் போய்விட்டார்.

நான் விடுகிற ஆளா? காப்பி வந்ததும், "கதவில்லாமலே வீட்டை முடித்துவிட்டீர்களா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "எங்கீங்க முடிஞ்சுது? வேலை நடந்துட்டிருக்குதுங்க."

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயரவில்லை. மறுநாள் தாலி கட்டும்போது நான் அட்சதை போட்டேனா என்பதுகூட எனக்கு நினைவில்லை. மனசெல்லாம் அந்த வாசலில் நின்றது. இனி வரப்போவது எல்லாம் அந்த இரண்டு பதிலை வைத்துக்கொண்டு நான் கட்டியது. பெயர்களும் நான் வைத்தவைதான்.

2

தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

"சித்திரபுரத்து மலைமுகட்டில் வெண்மேகங்கள் தவழ்ந்து கொண்டிருந்த ஒரு காலைப்பொழுதில்…" (அடித்துவிட்டேன். மேகம் தவழாத மலைக்கதை ஒன்றாவது உலகத்தில் இருந்துவிட்டுப் போகட்டும்.)

"காணாமல் போன கதவுகளில் அது மூன்றாவது. மருதாத்தாள்…" (அவசரம். மருதாத்தாள் யாரென்றே சொல்லாமல் அவள் வீட்டுக் கதவைத் திருடக் கூடாது.)

"மருதாத்தாள் ஒரு தீப்பெட்டியில் கட்டில் செய்தாள்."

இது இருக்கட்டும். இதில் பொய் குறைவாக இருக்கிறது.

3

மருதாத்தாள் ஒரு தீப்பெட்டியில் கட்டில் செய்தாள். மகளுக்காகச் செய்தாள். மகள் ஊரில், கொழிஞ்சாம்பாறையில், பெரியப்பா வீட்டில் இருந்து படித்தாள். புருசன் ரத்தினசாமிக்குச் சித்திரபுரத்தில் மின்சார வாரிய வேலை. இரண்டு அறைக் குவார்ட்டர்ஸ், ஓயாத மழை, பேச ஆளில்லை. அக்கம்பக்கத்தில் எல்லாரும் மலையாளம். நல்ல மனிதர்கள்தான், ஆனால் கொங்குத் தமிழில் ஒரு மூச்சு அழவோ சிரிக்கவோ அவர்களோடு முடியாது.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளுகிற பூமாரி சாயங்காலமானால் பால் கொண்டுவந்து ஊற்றுவாள். அவளும் தமிழ்தான். ஆனால் அது வேறு தமிழ், தெற்குச் சீமைத் தமிழ். பாலை ஊற்றிவிட்டுச் செம்பும் கையுமாக நின்று அவள் கட்டிலைப் பார்த்தாள்.

"அம்மா, இது யாரு படுக்க?"

"பொம்மைக்குங்க."

"பொம்மைக்குக் காலு வெளிய நீட்டிக்கிட்டுல்லா கெடக்கும். இன்னும் ஒரு பெட்டியச் சேத்து ஒட்டுங்க."

அவள் சொன்னது சரியாக இருந்தது. மறுநாள் பூமாரி முந்தானையில் முடிந்து ஒரு கூழாங்கல் கொண்டுவந்தாள். ஆற்றில் பொறுக்கித் தேய்த்து அம்மியாக்கி, குழவியும் சேர்த்து வைத்திருந்தாள். அம்மியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். இரண்டும் ஒரே நீளம்.

மருதாத்தாளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "இத்தாப் பெரிய அம்மியில யாருக்குங்க அரைக்கறது?"

"விருந்தாளுக வருவாகல்ல," என்றாள் பூமாரி. அவள் சிரிக்கவில்லை.

(அம்மியைச் சிறிதாக்கி எழுதலாம் என்றிருந்தேன். ஆனால் நான் பார்த்த வீட்டிலும் அம்மி அப்படித்தான், கட்டில் நீளத்துக்கு இருந்தது. அதை யாரும் மாற்றவில்லை.)

4

கட்டிலும் அம்மியும் வந்துவிட்டால் வைக்க ஓர் இடம் வேண்டும். மருதாத்தாளின் பாத்திரம் பண்டம் ஊரிலிருந்து வந்த டீப்பெட்டி ஒன்று சும்மா கிடந்தது. அதைக் கவிழ்த்தார்கள், முன்பக்கம் வாசலுக்கும் சன்னலுக்கும் அறுத்தார்கள். உள்ளே ஒட்டியிருந்த வெள்ளித்தாளைக் கிழித்து நிலைக்கண்ணாடி செய்தார்கள். ஒடிந்த குடைக்கம்பி சன்னல் கம்பி ஆனது. அந்த ஊரில் குடைக்கம்பிக்குப் பஞ்சமில்லை. பற்பசை மூடி குடம், ஊக்கு தாழ்ப்பாள், புளியங்கொட்டையைத் தேய்த்தால் மனைப்பலகை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பூமாரி வந்தால் பொழுது சாய்கிறவரை இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து ஒட்டுவார்கள், பிரிப்பார்கள், சண்டை போடுவார்கள். எந்த ஞாயிற்றுக்கிழமை "அம்மா" போய் "அக்கா" வந்தது என்று இருவருக்குமே தெரியாது. மருதாத்தாளும் எப்போதோ "அம்மிணி" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள்.

பெரிய சண்டை அடுப்படிக்காக வந்தது. மருதாத்தாள் கூடத்தைப் பெரிதாக வைக்கச் சொன்னாள். பூமாரி அடுப்படிக்குத் தனி அறை கேட்டாள்.

"எங்க லயத்துல ஒத்த ரூம்புக்கா. பொகையிலதான் சமையல், பொகையிலதான் ஒறக்கம். இதுலயாச்சும் அடுப்படி தனியா இருக்கட்டும்."

லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களுக்குக் கம்பெனி கட்டிக்கொடுத்த வரிசை வீடு. வேலை இருக்கிறவரை அறை இருக்கும். பூமாரியின் புருசன் கருத்தப்பாண்டிக்கு நெஞ்சில் இரைப்பு. அவள் கைவிரல்களும் மரத்துப்போக ஆரம்பித்திருந்தன. இரண்டு பேரும் வேலையை விட்டு நின்றால் அறையைக் காலி செய்ய வேண்டும். அதற்குப் பிறகு எங்கே என்று கேட்டால் பூமாரி பேச்சை மாட்டுக்குத் திருப்பிவிடுவாள். ஊர் என்று ஒன்று இருந்தது, ஆனால் அங்கே அவளுக்கென்று ஒரு கூரை இல்லை.

அடுப்படி தனியாகவே கட்டப்பட்டது. மருதாத்தாள் தோற்றதில் அவளுக்கே சந்தோசம்.

* இங்கே ஒரு குறிப்பு. நாள் முழுக்க மலைச்சரிவில் நிற்கிற பெண்ணுக்குப் பொம்மை வீடு கட்ட எங்கே நேரம், எங்கே தெம்பு என்று ஒரு வாசகர் கேட்பார். நானும் கேட்டுக்கொண்டேன். பூமாரியைச் சும்மா பால் ஊற்றிவிட்டுப் போகச் சொல்லி ஒருமுறை எழுதினேன். அவள் செம்பைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். உழைக்கிறவர்களுக்கு விளையாட்டு வேண்டாம் என்று முடிவு கட்ட நாம் யார்?

மகள் பெரிய லீவுக்கு வந்தாள். வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "அழகா இருக்குதும்மா," என்றாள். பிறகு மாட்டுப்பட்டி அணையைப் பார்க்கப் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். அதோடு சரி. அவள் ஊருக்குப் போகும்போது வீட்டைக் கொண்டு போகிறேன் என்று கேட்கவில்லை. இரண்டு பெண்களும் வெளியே வருத்தப்பட்டார்கள், உள்ளுக்குள் அப்பாடா என்று மூச்சு விட்டார்கள்.

ரத்தினசாமி முதலில் கிண்டல் செய்தார். "ஏம்புள்ள, ஊட்டுக்கு வரி கட்டியாச்சா?" என்பார். பிறகு ஒருநாள், யாரும் கேட்காமல், டார்ச் பல்பும் கம்பியும் கொண்டுவந்து கூடத்தில் விளக்குப் போட்டுக் கொடுத்தார். பல்பு எரிந்தபோது பூமாரி கை தட்டினாள். மின்சாரம் எடுக்கிற பவர்ஹவுஸுக்கு மேலேயே இருந்தாலும் அவள் லயத்தில் அன்றைக்கும் மண்ணெண்ணெய் விளக்குத்தான்.

5

இனிக் கதவு.

முதல் கதவைத் தீப்பெட்டி அட்டையில் செய்தார்கள். அடுத்த வாரம் அது இல்லை. எலி என்றாள் மருதாத்தாள். இரண்டாவது கதவு டீப்பெட்டிப் பலகையில். அதையும் காணோம். பலகையை முழுசாகத் தின்கிற எலியும் உண்டா? ரத்தினசாமியைச் சந்தேகப்பட்டாள். "எனக்கென்ன வேலையில்லையா?" என்றார் அவர். மூன்றாவது கதவுக்கு மருதாத்தாள் பித்தளைக் குமிழ் வைத்தாள். பழைய செருப்பின் ஆணிதான், பார்த்தால் குமிழ். அதுவும் போயிற்று.

"உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா அம்மிணி?"

"எனக்கென்னக்கா தெரியும்," என்ற பூமாரி, சன்னல் கம்பியில் பச்சை நூலைப் பூசணிக்கொடியாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

நிமிராத தலையை மருதாத்தாள் பார்த்தாள். பார்த்தும் கேட்கவில்லை. கேட்டால் ஞாயிற்றுக்கிழமை போய்விடும். அவளுக்கு அந்த மலையில் இருந்தது அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான்.

6

பூமாரி ஏன் எடுத்தாள்? எடுத்தது அவள்தான் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது, மறைப்பானேன். காரணம்தான் எனக்குத் தெரியவில்லை. நான் பார்த்ததெல்லாம் கதவில்லாத ஒரு வாசல்.

பொறாமை என்று எழுதிப் பார்த்தேன். "குவார்ட்டர்ஸில் இருப்பவளுக்கு இன்னொரு வீடு எதற்கு என்று பூமாரியின் மனதில் ஒரு…" அந்த வாக்கியம் மேலே நகரமாட்டேன் என்றது. வீட்டில் குழந்தைக்கு விளையாடக் கொண்டுபோனாள் என்று எழுதினேன். குழந்தைகள் எல்லாரும் வளர்ந்து கட்டிக்கொண்டு போய்விட்ட வயது அவளுக்கு. சும்மா ஒரு ஆசை என்றும் எழுதினேன். சும்மா ஆசைப்படுகிறவள் அம்மியைக் கட்டில் நீளத்துக்கு அரைத்துக்கொண்டு வரமாட்டாள்.

எனவே காரணத்தை அப்படியே விட்டுவிட்டு மருதாத்தாளுக்கு மாற்றல் போட்டேன். எழுதுகிறவனுக்கு அந்த அதிகாரம் உண்டு.

7

"ஸ்தலமாற்றம் வந்துருச்சு," என்று குதித்துக்கொண்டு வந்தார் ரத்தினசாமி. பாலக்காட்டுப் பக்கமே, ஊருக்குக் கிட்டே, போட்டிருந்தார்கள். இனி வீட்டிலிருந்தே வேலைக்குப் போகலாம், மகளோடு இருக்கலாம். மருதாத்தாளும் சிரித்தாள். பாத்திரங்களைக் கட்ட ஆரம்பித்தபோதுதான் அவள் கண் குட்டி வீட்டின் மேல் போயிற்று.

இதைப் பூமாரிக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தாள். அரைகுறையாகக் கொடுக்கக் கூடாது. நாலாவதாக ஒரு கதவு செய்தாள், தானே, ஒற்றை ஆளாக. மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, வாசலில் பொருத்தினாள். வெள்ளிக்கிழமை நல்ல நாள். பூமாரி கொண்டுவரும் பாலையே ஒரு மூடியில் ஊற்றி, அகல்விளக்கின் மேல் காட்டிப் பால் காய்ச்சி, வீட்டை அவள் கையில் கொடுப்பதாகத் திட்டம்.

வியாழக்கிழமை பூமாரியிடம் சொன்னாள். "நாளைக்குப் புது ஊட்டுக்குக் குடி போறது அம்மிணி. உங்களுக்குத்தானுங்க. நீங்கதான் பால் காய்ச்சோணும்."

பூமாரியின் முகம் செத்துவிட்டது. "சரிக்கா," என்றாள். போகும்போது செம்பை மறந்துவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை பூமாரி வரவில்லை. பாலும் வரவில்லை. வீட்டுக் கதவும் இல்லை.

8

மருதாத்தாள் செம்பை எடுத்துக்கொண்டு லயத்துக்கு நடந்தாள். இத்தனை வருசத்தில் அங்கே போவது அதுதான் முதல் தடவை. பூமாரி எத்தனையோ தடவை தன் வாசலுக்கு வந்திருக்கிறாள், தான் ஒருமுறைகூட அவள் வாசலை மிதித்ததில்லை என்பது பாதி வழியில்தான் அவளுக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது.

"ஏக்கா, இந்த மழையில எதுக்கு வந்தீக?" என்று பூமாரி பதறினாள். சாக்கை உதறிப் போட்டாள். டீ கொடுத்தாள், பால் விடாத டீ. இருக்கிற பாலெல்லாம் குவார்ட்டர்ஸுக்குப் போய்விடும்.

டம்ளரை வாங்கும்போது மருதாத்தாள் பார்த்தாள். சுவரில் முருகன் படம். படத்தின் கீழே சின்னப் பலகை. பலகையில் நாலு கதவுகள் வரிசையாக நின்றன. அட்டைக் கதவு, பலகைக் கதவு, குமிழ் வைத்த கதவு, நேற்றுப் பொருத்திய மஞ்சள் கதவு. ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்திருந்தது.

"களவாண்டுட்டேன்னு நெனச்சிராதீகக்கா," என்றாள் பூமாரி.

"நெனைக்கலீங்க. சொல்லுங்க."

"ஊருக்குப் போகையில மலைக்கோயிலு ஏறுனேன். படி ஓரத்துல எல்லாரும் கல்லடுக்கி வீடு வேண்டிக்கிருவாகல்ல, நானும் மூணு கல்ல அடுக்குனேன். ஒரு வீடு குடு முருகா, பெருசா வேண்டாம், அடுப்படி தனியா, ரெண்டு சன்னலு, ஒரு வெளக்குன்னேன். அதுக்குப் பொறவுதான நம்ம இந்த வீட்ட ஆரம்பிச்சோம். எண்ணிப் பாருங்க. நான் கேட்ட அம்புட்டும் அதுக்குள்ள இருக்கு. கதவும் வச்சு, பாலும் காய்ச்சி, என் பேருக்குக் குடுத்துட்டீகன்னா?"

"குடுத்தா என்னங்க?"

"இவளுக்குத்தான் குடுத்தாச்சேன்னு சாமி என்னைய விட்டுரும்லக்கா!"

"அது டீப்பெட்டி அம்மிணி. சாமிக்குத் தெரியாதுங்களா?"

"மேல இருந்து பாக்கையில பெருசு என்ன, சிறுசு என்ன? ரோட்டுல நின்னு பாத்தாலே எங்க லயம் தீப்பெட்டி அடுக்குனாப்லதான் தெரியுது."

மருதாத்தாளுக்கு அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. ஆசையாக ஒன்றைக் கொடுக்கப் போய், அவள் உயிரைப் பிடித்துக்கொண்டு காத்துவந்த ஒன்றை நாசம் செய்யப் பார்த்தோமே என்று நினைத்தாள். பூமாரியின் மரத்த விரல்களைப் பிடித்துத் தேய்த்துவிட்டாள். டீ ஆறிப்போயிற்று.

"அப்ப, முடிஞ்சாப்பல தெரியக் கூடாது. அவ்வளவுதானுங்களே?"

"அம்புட்டுதான்க்கா."

"எங்கூர்ல ஊடு கட்டறப்ப சுத்தி மூங்கில்ல சாரம் கட்டுவாங்க. சாரம் நிக்கற ஊட்டப் பாத்து, முடிஞ்சுதுன்னு எவனாச்சும் சொல்லுவானா?"

பூமாரி நிமிர்ந்து பார்த்தாள்.

9

அந்த ஞாயிற்றுக்கிழமை, சாமான் கட்டிய மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, அவர்கள் சாரம் கட்டினார்கள். விளக்குமாற்றிலிருந்து ஈர்க்கு உருவினார்கள். குறுக்கும் நெடுக்குமாக நூல் போட்டு முடிந்தார்கள். தீக்குச்சியில் ஏணி செய்து சாய்த்து வைத்தார்கள். வாசலில் ஒரு குவியல் மணல், அதன் மேல் பற்பசை மூடியில் தண்ணீர். கண் பட்டுவிடக் கூடாதென்று பூமாரி ஒரு துணிப்பொம்மை செய்து கூரை விளிம்பில் தொங்கவிட்டாள். அந்த வீட்டுக்கு அவர்கள் செய்ததிலேயே மிக நேர்த்தியான வேலை அந்தச் சாரம்தான். அன்றைக்கு அவர்கள் சிரித்த சிரிப்பு பக்கத்துக் குவார்ட்டர்ஸ் வரை கேட்டது.

"ஏம்புள்ள, கட்டி முடிச்ச ஊட்டுக்கா சாரம் கட்டறீங்க?" என்றார் ரத்தினசாமி.

"ஆருங்க சொன்னா முடிஞ்சுதுன்னு?" என்றாள் மருதாத்தாள், மேலே பார்த்து, கொஞ்சம் உரக்க.

"நீங்க கொண்டு போங்கக்கா," என்றாள் பூமாரி. "வேலை நடக்குற வீட்டுக்கு ஒரு மேஸ்திரி வேணும்ல. கதவு என் பொறுப்பு. வீடு ஒண்ணு வாங்கிட்டேன்னா சொல்லி விடுதேன்."

புறப்பட்ட அன்று மருதாத்தாள் வீட்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாள். வளைவில் பஸ் திரும்பியபோது லயம் தெரிந்தது. பூமாரி சொன்னது சரிதான், தீப்பெட்டி அடுக்கினாற்போலத்தான் இருந்தது. வாசலில் யாரோ நின்றார்கள். யாரென்று தெரியாத தூரம். மருதாத்தாள் கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

10

இனி முடிவு. சில வைத்திருக்கிறேன்.

(அ) கருத்தப்பாண்டிக்கு இரைப்பு முற்றியது. லயத்து அறையைக் காலி செய்தார்கள். பூமாரி நாலு கதவையும் முந்தானையில் முடிந்துகொண்டு, மழையில்… (இதை எழுதிவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. அடித்துவிட்டேன். நடக்கக்கூடியது என்பதற்காக எழுதியே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை.)

(ஆ) மருதாத்தாள் ரத்தினசாமியிடம் சொல்லி, ஊரில் தங்கள் பூமியில் ஓர் ஓரத்தை… (பூமாரி வாங்கிக்கொள்ள மாட்டாள். அவளை நான் கட்டாயப்படுத்திப் பார்த்தேன். எழுந்து மாட்டைப் பார்க்கப் போய்விட்டாள்.)

(இ) மறையூர்ப் பக்கம், கரும்புக்காட்டை ஒட்டி, ஓடு வேய்ந்த ஒரு வீடு. இரண்டு சன்னல். விடிகிற நேரம். தனி அடுப்படியில் பூமாரி அடுப்பைப் பற்ற வைத்து, புதுப் பானையில் பாலை

பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

எனக்குப் பிடித்த முடிவு இதுதான். உங்களுக்கும் இதுதான் பிடித்திருக்கும். இன்னும் ஒரே வரி. செங்கல் வேண்டாம், ஓடு வேண்டாம், யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம். பால் பொங்கியது என்று எழுதிவிட்டால் பூமாரிக்கு வீடு வந்துவிடும். ஆனால் கொழிஞ்சாம்பாறை அம்மாளின் அந்தக் கதவு நிஜமாகவே சித்திரபுரத்தில் யாரோ ஒருத்தியிடம் இருக்கிறது. அவளுக்கு நான் காகிதத்தில் வீடு கட்டிக் கொடுத்து, மேலே இருந்து பார்க்கிற சாமி இவளுக்குத்தான் கொடுத்தாச்சே என்று திரும்பிக்கொண்டால்? காகித வீடு எது, கல் வீடு எது என்று அவருக்குத் தெரியும் என்று யாராவது எனக்கு எழுதிக் கொடுப்பீர்களா?

எனக்குப் பயமாக இருக்கிறது. நான் அந்த வரியை எழுத மாட்டேன். அதனால்தான் அடித்த தொடக்கங்களையும் பாதி வாக்கியங்களையும் அடைப்புக்குறிகளையும் எடுக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன். அவை என் ஈர்க்குச்சிகள். யார் பார்த்தாலும் இது முடிந்த கதை என்று தோன்றக் கூடாது.

உங்களுக்கு அந்த மலைப்பக்கம் போகிற வேலை இருக்கலாம். யார் வீட்டுக்காவது தாகத்துக்குத் தண்ணீர் கேட்டுப் போகலாம். அந்த வீட்டுக்காரி பெயர் பூமாரியாக இருக்காது. ஆனால் அங்கே சாமி படத்தின் கீழே விரல் நீளக் கதவுகள் வரிசையாக நின்றால், "இது சொந்த வீடா?" என்று மட்டும் கேளுங்கள். ஆமாம் என்று சொன்னால் எனக்குச் சொல்ல வேண்டாம். நேரே கொழிஞ்சாம்பாறைக்குப் போங்கள். அங்கே ஒருத்தி சாரத்தை அவிழ்ப்பதற்குக் காத்திருக்கிறாள்.